கள விசாரணைக்கு வந்த விருந்தாளி

விதி பதினொன்று, உட்பிரிவு இரண்டு: "படிப்பை இடையில் நிறுத்திவிட்டு மீண்டும் கல்விக்குத் திரும்பும் விண்ணப்பதாரருக்கு வயது வரம்பு கிடையாது. அவருடைய பொருளாதார நிலைக்கு வட்டாட்சியர் வழங்கிய வருமானச் சான்றே போதுமான ஆதாரமாகும். கள விசாரணை, விண்ணப்பதாரர் குறிப்பிட்ட முகவரியில் வசிக்கிறாரா என்பதை உறுதி செய்வதற்கு மட்டுமே நடத்தப்படும்."

நல்ல விதி. வருவாய்த் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குப்பை கொட்டி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். ஒரு விதியைப் படித்தால் அதை எழுதியவர் படித்தவரா, பயந்தவரா, அவசரத்தில் இருந்தவரா என்று சொல்லிவிடுவேன். இதை எழுதியவர் மூன்றுமில்லை. யாரோ ஒரு நல்ல மனிதர், ஒரு நல்ல நாளில், நிதானமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அதனால்தானோ என்னவோ, அந்த அறக்கட்டளை அலுவலகத்தில் அதை யாரும் படித்திருக்கவில்லை.

அறக்கட்டளை ஒரு பழைய நூற்பாலைக் குடும்பத்தினுடையது. ஆலையை மூடி, இடத்தை அடுக்குமாடிக்காரர்களுக்கு விற்று, பிள்ளைகள் வேறு தொழில்களுக்குப் போனபிறகும், தாத்தா தொடங்கிய கல்வி உதவித்தொகையை மட்டும் நிறுத்தாமல் வைத்திருந்தார்கள். காந்திபுரத்தில், ஒரு லாட்ஜுக்கும் ஒரு செல்போன் கடைக்கும் நடுவில், மாடியில் அலுவலகம். விண்ணப்பித்தது என் தங்கை.

அவள் எனக்கு மிகவும் இளையவள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவள் பால்வாடி போய்க்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு கல்யாணம். இப்போது நாற்பத்திரண்டு வயது. கிணத்துக்கடவுக்கு உள்ளே ஒரு தென்னந்தோப்பில் அவளும் அவள் கணவரும் காவலுக்கு இருக்கிறார்கள். தோப்புக்காரர் கோயமுத்தூரில் இருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு வந்து, தான் கட்டியிருக்கும் பண்ணை வீட்டில் ஒரு ராத்திரி தங்கி, நல்ல காற்று என்று சொல்லிவிட்டுப் போவார். மாப்பிள்ளை தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவார். மரத்திலிருந்து விழுந்ததில் முழங்கால் கெட்டுவிட்டது, அதனால் ஏறுவது மட்டும் இல்லை. தங்கை பக்கத்து ஊர் நர்சரிப் பள்ளியில் ஆயா வேலை பார்க்கிறாள். மூக்குத் துடைப்பது, ஜட்டி மாற்றுவது, அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு 'அணிலே அணிலே' பாட்டுச் சொல்லிக் கொடுப்பது. கடைசியாகச் சொன்னது அவள் வேலை இல்லை. ஆனால் மிஸ் வராத நாட்களில் அவள்தான் செய்தாள். மிஸ்கள் அடிக்கடி வரமாட்டார்கள்.

பள்ளித் தாளாளர் ஒருநாள் சொல்லியிருக்கிறார்: "ஏம்மா, நீ ஒரு டிப்ளமோ முடிச்சிரு. மழலையர் கல்வின்னு ஒண்ணு இருக்குது. சனி ஞாயிறு கிளாஸ்தான். முடிச்சிட்டு வா, உன்னையவே மிஸ் ஆக்கிடறேன். பசங்க எப்படியும் உங்கிட்டத்தான் ஓடி வருதுக."

அதைச் சொல்ல அவள் எனக்குப் போன் செய்தபோது அவள் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஏதோ தவறு செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரி தணிந்து பேசினாள்.

"அக்கா, ஆரும் சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிப்பாங்க. சிரிச்சா என்ன? ஃபீஸ் எவ்வளவு?"

சொன்னாள். அவர்கள் இருவர் சம்பளத்திலும் அது ஆகாத காரியம். எனக்கு அது ஆகிற காரியம். நானே கட்டிவிடுகிறேன் என்றேன். பென்ஷன் வாங்கித் தனியாக இருப்பவளுக்கு வேறென்ன செலவு?

"வேண்டாங்க்கா. உன்ற காசுல படிச்சா நான் உனக்குத் தங்கச்சி. அப்படியில்லாம அவங்களா குடுத்துப் படிச்சா நான் ஸ்டூடண்ட்டு."

அதனால் உதவித்தொகை விண்ணப்பத்தைத் தேடினோம்.

விண்ணப்பப் படிவம் பதினெட்டு வயதுப் பிள்ளைக்காக அச்சடிக்கப்பட்டது. தந்தையின் தொழில், தந்தையின் வருமானம், பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம். எங்கள் அப்பா இறந்து பல காலம் ஆகிறது. பாதுகாவலர் என்ற இடத்தில் மாப்பிள்ளை போடட்டுமா என்று தங்கை கேட்டாள். "நான் உனக்குப் பாதுகாவலனா? அப்ப ரிப்போர்ட் கார்டுலயும் நான்தான் கையெழுத்துப் போடோணும். மார்க்கு கொறஞ்சா தோப்புல முட்டி போட வெப்பேன்" என்றார் அவர் பின்னாலிருந்து. அந்தக் கட்டங்களில் 'பொருந்தாது' என்று எழுதி, ஓரத்தில் விதி பதினொன்றைச் சுட்டச் சொன்னேன். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் பதிந்தாள். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்தபோது, "படிக்கப் போற பொண்ணு எங்கம்மா, கூட்டிட்டு வல்லியா?" என்று கேட்டாராம். "நாந்தானுங்க அந்தப் பொண்ணு" என்றிருக்கிறாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தாராம். ஆனால் சான்று ஒழுங்காக வந்தது. என் பழைய துறையைப் பற்றி நல்லது சொல்ல வாய்ப்பு கிடைக்கும்போது சொல்லிவிடுகிறேன்.

அறக்கட்டளையில் விண்ணப்பத்தைக் கொடுத்து ரசீதும் வாங்கிவிட்டோம். அந்த ரசீதைக் காட்டியதும் கல்லூரி சேர்த்துக்கொண்டது. கட்டணத்தைப் பிறகு கட்டலாம் என்றார்கள். ஆனி மாதத்திலிருந்து சனி ஞாயிறுகளில் அவள் பொள்ளாச்சி பஸ் பிடித்து உக்கடத்தில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய்வரத் தொடங்கினாள். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் அவளுக்கு மகளாக இருக்கக்கூடிய வயது. முதல் நாள் அவளை யாருக்கோ துணைக்கு வந்த அம்மா என்று நினைத்து வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்களாம். அவளும் மறுத்துப் பேசக் கூச்சப்பட்டு முதல் வகுப்பு முடியும்வரை வெளியே உட்கார்ந்திருக்கிறாள்.

இதை அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுத்துப் பேசாத அந்தக் குணம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போதே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

ஆடியில் கள விசாரணை. அறக்கட்டளையிலிருந்து ஒருவர் பைக்கில் வந்து பார்த்துவிட்டுப் போனதாகத் தங்கை போனில் சொன்னாள்.

"நல்ல மனுசங்க்கா. சாப்பிடவே மாட்டேன்னு ஒரே அடம். உட்டனா? வெயில்ல அத்தனை தொலவு வந்திருக்கறாரு. கோழிக் கொளம்பு வெச்சேன். ஒப்புட்டு செஞ்சேன்."

"போளி வேறயா? அவரு வந்தது விசாரணைக்கு. ஒறம்பரையா விருந்துக்கு வரல."

"நம்ம ஊட்டுக்கு வந்தவருதானே?"

"சரி. என்ன கேட்டாரு?"

"பேரு, ஊரு, எவ்ளோ நாளா இருக்கறீங்கன்னு. அப்பறம் சாப்பிடறப்ப, 'குடும்பம் நடத்தறது சிரமமுங்களா?'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, ஆண்டவன் புண்ணியத்துல நல்லாருக்கறமுங்க, ஒண்ணுங் கொறையில்லீங்கன்னு சொன்னேன்." நான் கேட்பதற்கு முன்பே, "பின்ன எலைல கைய வெச்சுட்டிருக்கற மனுசங்கிட்ட வேறென்ன சொல்றது?" என்றாள்.

அந்தப் பதில் எனக்குச் சரியாகப் படவில்லை. பிறகு விதியை நினைத்துத் தேற்றிக்கொண்டேன். விசாரணை முகவரிக்கு மட்டும். வருமானத்துக்குச் சான்று இருக்கிறது. விதி பதினொன்று இருக்கும்போது ஒரு கோழிக் குழம்பு என்ன செய்துவிடும்?

ஆவணி போயிற்று. புரட்டாசியும் போயிற்று. ஒன்றும் வரவில்லை. கல்லூரியில் கட்டணம் எப்போது என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் காந்திபுரத்துக்குக் கிளம்பினேன்.

அறக்கட்டளை அலுவலகத்தின் குமாஸ்தா என் வயதுக்காரர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நாற்காலியைத் துடைத்தார்.

"வாங்கம்மா, வாங்க. உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா? காப்பி சொல்லட்டுங்களா?"

"தங்கச்சியோட அப்ளிகேஷன் என்னாச்சுங்க?"

"ஆயிட்டே இருக்குதுங்கம்மா."

"எங்க ஆயிட்டிருக்குது?"

"மேல போயிருக்குதுங்க."

அலுவலகம் இருந்தது கடைசி மாடி. அதற்கு மேலே தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது.

இரண்டாம் தடவை போனேன். "வந்துருமுங்க." மூன்றாம் தடவை, "சாரு பாத்துட்டிருக்கறாருங்க." ஒவ்வொரு தடவையும் தண்ணீர், காப்பி, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைப்பது. இந்தச் சீமையில் ஒருவர் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்வது கெட்ட வார்த்தை சொல்வதற்குச் சமம். பெண் பிடிக்காவிட்டால்கூட 'ஜாதகம் பாத்துட்டுச் சொல்றமுங்க' என்றுதான் கிளம்புவார்கள். பெண் வீட்டாரும் அதன் பொருள் புரிந்து, பலகாரத்தைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். வாழ்வதற்கு இது இதமான முறை. நிர்வாகத்துக்குத்தான் உதவாது. விதி பதினான்கின்படி, மறுக்கப்பட்ட விண்ணப்பத்தின் மேல் செயலாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் மறுப்பு எழுத்தில் இருக்கவேண்டும். யாரும் மறுக்கவே மாட்டேன் என்றால் எதன்மேல் முறையிடுவது?

நாலாம் தடவை நான் கொஞ்சம் குரலை உயர்த்தினேன். "இத பாருங்க. குடுக்கறதா இருந்தா குடுங்க. இல்லைன்னா இல்லைன்னு எழுதிக் குடுங்க. எனக்கு ஒரு தாள் வேணும்."

அவர் நிஜமாகவே வருந்தினார். "இல்லைன்னு எப்படீங்கம்மா எழுதறது? படிக்கற பொண்ணு…" என்று இழுத்துவிட்டு, உள்ளே போய்த் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். 'தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.' என் பணிக்காலத்தில் இந்த வாக்கியத்தை நான் பலருக்கு அனுப்பியிருக்கிறேன். எனக்கு ஒருவர் அனுப்பியது அதுதான் முதல் தடவை. எரிச்சலில் அதை மடித்துப் பையில் திணித்துக்கொண்டேன்.

நான் எழுந்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. மாடிப்படி வரை கூட வந்தார்.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. அவீங்க ரொம்ப வசதியானவீங்களாமுங்க. பாத்துட்டு வந்த சாரு சொன்னாருங்க. பெரிய தென்னந்தோப்பாமா. உள்ள பண்ணை ஊடு. சோபாவுல உக்கார வெச்சு, ஏசியப் போட்டு, நாட்டுக்கோழி அடிச்சு விருந்து. கெளம்பறப்ப ஒரு சாக்கு தேங்கா வேற. அவ்ளோ இருக்கறவீங்களுக்கு நாங்க எப்படீங்க குடுக்கறது? ஆனா அந்தக் கொளம்பப் பத்தி மட்டும் சாரு இன்னிக்கு வரைக்கும் பேசறாருங்க."

படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பண்ணை வீடு. அது தங்கை என்னிடம் சொல்லாத பகுதி.

அந்த வாரமே கிணத்துக்கடவுக்குப் போனேன். தங்கை பள்ளியிலிருந்து வந்து, முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"முதலாளி ஊட்டத் தொறந்து அந்த மனுசன உக்கார வெச்சியா?"

துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்தாள். "பின்ன எங்க உக்கார வெக்கறது?" என்றாள்.

அவள் கேள்வியில் நியாயம் இருந்தது. அவர்கள் இருப்பது மோட்டார் ரூமை ஒட்டிய ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு பீரோ, கட்டிலுக்கு அடியில் பாத்திரங்கள். மேலே ஆஸ்பெஸ்டாஸ். ஆடி வெயிலில் உள்ளே உட்கார முடியாது. உட்கார நாற்காலியும் கிடையாது. பண்ணை வீட்டுச் சாவி அவர்களிடம்தான் இருக்கும். தோப்புக்காரரிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் திறந்திருக்கிறாள். அவரும், "தாராளமா தொறந்து உக்கார வெய்யம்மா, ஏசியப் போடு" என்றிருக்கிறார். கோழி பக்கத்துத் தோட்டத்தில் வாங்கியது. தேங்காய் அவர்களுக்கு உதிரியாக விழுகிற பங்கு. இதில் ஒரு பொய்கூட இல்லை. வந்தவர் இது யார் வீடு என்று கேட்கவில்லை. சாப்பிடுகிற மனிதரிடம் இது எங்கள் வீடில்லை என்று வலியச் சொல்வது, அவர் இருக்கிற இருக்கையை இழுப்பது மாதிரி. அவள் சொல்லவில்லை.

அறக்கட்டளையின் விதிகள் அச்சில் இருக்கின்றன. எங்கள் ஊர் விதி எதிலும் அச்சாகவில்லை. வந்தவருக்கு முதலில் தண்ணீர், பிறகு சோறு, அவர் கிளம்பும்வரை நம் குறையை வாயில் வைக்கக்கூடாது. இதற்கு உட்பிரிவுகள் இல்லை. விலக்குகள் இல்லை. இதை மீறினால் மேல்முறையீடும் இல்லை. இரண்டு விதிகளும் ஓர் ஆடி மாத மத்தியானத்தில் ஒரே சோபாவில் சந்தித்துக்கொண்டன. எது வென்றிருக்கும் என்று எனக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும்.

அன்றே ஒரு மனு எழுதினேன். மறுக்காத ஒன்றின்மேல் முறையீடு செய்ய முடியாது. ஆனால் விளக்கம் அளிக்கலாம். அது என் கலை. நான் எழுதிய மனுக்களுக்கு இரங்காத அதிகாரி கிடையாது. எழுதி முடித்து அவளிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். அவள் விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள்.

"'அன்றாட உணவுக்கே அல்லலுறும்.' இது ஆருக்கா?"

"நீதான்."

"நானா? என்ற ஊட்டுல இருந்து இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரு பசியோட போனதில்ல."

"அம்மணி, இது மனு. மனுவுல இப்படித்தான் எழுதோணும்."

"அப்ப மனுவுல எழுதறது பூராம் பொய்யா?"

"பொய்யில்ல. நடை."

கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, இதென்ன, 'நோயுற்ற கணவர்'? நான் எப்ப படுத்தேன்? நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு மோட்டார் போட்டது ஆரு, பேயா?"

"மாப்ளே, உங்க முட்டியத்தான் சொல்றேன்."

"முட்டி நோயுற்றதுன்னு போடுங்க. என்னைய எதுக்குங்க இழுக்கறீங்க?"

தங்கை சிரிக்கவில்லை. தாளை மடித்து என் கையில் வைத்தாள். "நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன். படிப்பு வேண்டாம்னா வேண்டாம். ஆயாவாவே இருந்துட்டுப் போறேன்."

"உனக்கு மிஸ் ஆகோணுமா வேண்டாமா?" என்று கத்தினேன்.

"ஆகோணும்" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. "அதுக்காக, இல்லாததச் சொல்லி அழச் சொல்றியா?"

கடைசி பஸ்ஸில் திரும்பி வரும்போது கோபமாகத்தான் இருந்தேன். ஒத்தக்கால்மண்டபம் தாண்டியபிறகு கோபம் வேறு பக்கம் திரும்பியது.

படிப்பில் மற்ற எல்லாவற்றுக்கும் இருப்பதைக் காட்டித் தகுதி பெறுகிறோம். மதிப்பெண், சான்றிதழ், விளையாட்டுக் கோப்பை. உதவித்தொகைக்கு மட்டும் இல்லாததைக் காட்டவேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இதில் பெரிய கஷ்டம் இல்லை. அவன் காட்டுவது அவன் அப்பாவின் இல்லாமை. அது அவனுக்கு நேர்ந்தது. அவன் செய்ததல்ல. சான்றிதழைக் கொடுத்துவிட்டு விசிலடித்துக்கொண்டு வெளியே வரலாம். நாற்பத்திரண்டு வயதில் படிக்க வருகிறவள் காட்டவேண்டியது தன் வீட்டை, தன் புருஷனை, தான் இருபது வருஷத்துக்கு மேல் நடத்திய குடித்தனத்தை. இதில் எதுவும் போதவில்லை என்று அவளே எழுதிக் கையெழுத்திட வேண்டும். விதி பதினொன்றை எழுதிய அந்த நல்ல மனிதருக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் வட்டாட்சியர் சான்றே போதும் என்று எழுதினார். சான்றில் ஓர் எண் மட்டும் இருக்கும். எண் யாரையும் அழச் சொல்லாது. அவர் அடைத்து வைத்த கதவை நான் என் நடையால் திறந்துவிடப் பார்த்தேன்.

தீபாவளி கழிந்து செயலாளருக்கு இன்னொரு மனு எழுதினேன். அதில் அடைமொழிகள் எதுவும் இல்லை. விண்ணப்பதாரர் தோப்பின் காவலர். பண்ணை வீடு தோப்பின் உரிமையாளருடையது. வருமானச் சான்று இணைக்கப்பட்டுள்ளது. விதி பதினொன்று, உட்பிரிவு இரண்டைப் பார்க்கவும். அவ்வளவுதான். தங்கை படித்துவிட்டு, கீழே ஒரு வரி சேர்க்கவேண்டும் என்றாள்.

"என்ன வரி?"

"'அன்று வந்தவருக்குச் சாப்பாடு போட்டது உண்மை. இனி வந்தாலும் போடுவேன்.'"

"அம்மணி, இது சம்பந்தமில்லாத வாசகம். மனுவுல சம்பந்தமில்லாதத எழுதினா…"

"எழுதுக்கா."

எழுதினேன். என் பணிவாழ்வில் நான் அனுப்பிய எந்தக் கடிதத்திலும் அப்படியொரு வரி இருந்ததில்லை.

இதற்கிடையில் கல்லூரியில் கெடு நெருங்கியது. பருவத் தேர்வுக்கு நுழைவுச்சீட்டு வேண்டுமானால் கட்டணம் கட்டவேண்டும் என்றார்கள். வேறு வழியில்லாமல், பையில் திணித்திருந்த 'பரிசீலனையில் உள்ளது' தாளை நீவிக் கல்லூரி முதல்வரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முத்திரையைப் பார்த்தார். "அட, அந்த ட்ரஸ்ட்டுங்களா? அப்ப வந்துருமுங்க. தேர்வு எழுதட்டும். பொங்கல் லீவு முடிஞ்சு முதல் வாரத்துல கட்டிருங்க. அதுக்கு மேல என்னால தாங்க முடியாதுங்க, பேரை எடுத்துருவாங்க" என்றார். யாரும் 'இல்லை' என்று எழுதித் தராததால்தான் அவளால் முறையிட முடியாமல் போனது. அவளுக்கு வகுப்பில் இடம் தங்கியதும் அதனால்தான். குமாஸ்தா அந்தத் தாளை அன்பினால் கொடுத்தாரா, கழற்றிவிடக் கொடுத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இந்தச் சீமையில் இரண்டையும் பிரிப்பது கஷ்டம்.

கார்த்திகையில் மறு விசாரணை என்று தகவல் வந்தது. முந்தின நாளே நான் போய்விட்டேன்.

"இங்கதான் உக்கார வெக்கோணும். தண்ணி மட்டும் குடு."

"வெறுந் தண்ணியா? ஆராச்சும் கேட்டா காறித் துப்புவாங்க."

"மோர் குடு. அதுக்கு மேல அடுப்பப் பத்த வெச்சேன்னா நான் பஸ் ஏறிருவேன்."

அதே மனிதர்தான் வந்தார். பைக்கை நிறுத்துவதற்கு முன்னாலேயே, "நான் சாப்பிட்டுட்டு வந்துட்டேனுங்க" என்றார். வணக்கம் அதற்குப் பிறகுதான். தோளில் மாட்டிய பையில் தண்ணீர் பாட்டில்கூட வைத்திருந்தார். அலுவலகத்தில் நன்றாக ஓட்டியிருப்பார்கள் போல.

தங்கை அவரை அறைக்குள் அழைத்தாள். பண்ணை வீட்டின் பக்கம் அவர் திரும்பியதையும், அவள் அவரை இந்தப் பக்கம் அழைத்ததையும், அந்தச் சில அடி தூரம் அவளுக்கு எவ்வளவு நீண்டிருக்கும் என்பதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டில் ஓரத்தில் விரிப்பை இழுத்துவிட்டு, "இங்க உக்காருங்க" என்றாள். மேலே கயிற்றில் அவள் பாடத்துக்காக வண்ணம் தீட்டிய பட அட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவர் அந்த அட்டைகளுக்குக் கீழே, தலையைக் கொஞ்சம் குனிந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பண்ணை ஊடு…" என்று தொடங்கினார்.

"முதலாளியோடதுங்க. சாவி எங்ககிட்ட இருக்குமுங்க." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எங்க ஊடு இதுதானுங்க. அன்னைக்கு உங்கள இதுல உக்கார வெக்க எனக்கு மனசு வல்லீங்க."

அவ்வளவுதான். நான் எழுதிய இரண்டு மனுக்களிலும் இல்லாத ஒன்றை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

வந்தவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "அப்ப கோழிங்க?"

"பக்கத்துத் தோட்டத்துல வாங்குனதுங்க."

"அட கஷ்டமே. ரெண்டாந் தடவை கேட்டு வாங்கி ஊத்திக்கிட்டேனேங்க!"

தங்கை திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளை வாசலில் நின்று, "மூணாந் தடவையுமுங்க. நான் எண்ணிட்டுத்தான் இருந்தேன். எனக்கு ரசந்தான் மிஞ்சுச்சு" என்றார். முதலில் சிரித்தது தங்கைதான்.

அவர் எழுத ஆரம்பித்தார். நான் எட்டிப் பார்ப்பதைக் கவனித்து, தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 'விண்ணப்பதாரர் மேற்கண்ட முகவரியில் வசிக்கிறார்.' அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"இவ்ளோதானுங்க எழுதோணுமாமா" என்றார். "செயலாளர் ஐயா அந்த விதியப் படிச்சுக் காமிச்சாருங்க. நானும் பதினஞ்சு வருசமா போய்ட்டு வாரேன். ஊட்டப் பாத்து, டிவியப் பாத்து, வண்டியப் பாத்து எழுதிட்டே இருந்தேனுங்க. ஆரும் சொல்லலீங்க."

மோரை நின்றபடியே குடித்தார். தேங்காய் வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். "இங்கயே நல்லாருக்குதுங்க, காத்து வருது" என்று வாசலில் சொன்னார். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே காற்று வரவில்லை. ஆனாலும் தங்கை, "ஆமாங்க, சாயங்காலம் இன்னும் நல்லா வருமுங்க" என்றாள்.

மார்கழி முழுக்க ஒன்றும் வரவில்லை. அவள் பருவத் தேர்வு எழுதினாள். நன்றாகவே எழுதினேன் என்றாள். மதிப்பெண் வருமுன் பெயரை எடுத்துவிடுவார்களோ என்பதுதான் பயம். நான் அலுவலகத்துக்குப் போகவில்லை. போனால் காப்பி கொடுப்பார்கள். ஆகிவிடும் என்பார்கள். அதைக் கேட்கும் தெம்பு எனக்கு இல்லை. நானே கட்டிவிடட்டுமா என்று மறுபடி கேட்கவும் வாய் வரவில்லை. பொங்கலுக்கு அவள் வீட்டில் இருந்தேன். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மாட்டுப் பொங்கலன்று மட்டும் மாப்பிள்ளை, "பேரை எடுத்தா எடுக்கட்டும், அடுத்த வருசம் மறுபடியும் போடலாம். அப்ளிகேசனுக்கு வயசு வரம்பு இல்லீல்லங்க?" என்றார். இல்லை என்றேன். தங்கை எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று தபால்காரர் தோப்புக்கு வந்து உறையைக் கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளை அதைப் பிரிக்காமல் மொபெட்டில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கே போய்விட்டார். தங்கை அப்போது ஒரு பிள்ளைக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டுதான் உறையை வாங்கினாளாம். பிரித்துப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். பின்னால் பிள்ளைகள் போட்ட இரைச்சலில் இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். 'தங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டுள்ளது. உதவித்தொகை நேரடியாகக் கல்லூரிக்கு அனுப்பப்படுகிறது.' காரணம் எதுவும் குறிப்பிடவில்லை. விதிப்படி, மறுத்தால்தான் காரணம் சொல்லவேண்டும்.

அன்று தை ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை. முதல்வர் சொன்ன கெடு வாரத்தின் முதல் நாள்.